குலுங்கும் குருவிகள்

வெர்லா நியூபர்ட் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முப்பத்தொரு வருஷமாக, விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஹால்வர் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள்தான். எதிரில் வருகிறவர்களுக்கு ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடியும் நரைத்த சுருட்டைமுடியும் மட்டும்தான் தெரியும். ஆளே இல்லாமல் பேருந்து தானாக வருகிறதோ என்று வெளியூர்க்காரர்கள் பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள். ஒன்றரை அடி பனி விழுந்த காலையிலும் ஏழு பத்துக்கு அவளுடைய வண்டி வாசலில் நிற்கும். இத்தனை வருஷத்தில் பேருந்தில் ஒரு கீறல் கிடையாது. ஒரே ஒருமுறை மான் ஒன்று குறுக்கே பாய்ந்து முன்விளக்கை உடைத்தது. "அது மான் ஓட்டின லட்சணம். என்னைச் சொல்லாதீங்க" என்பாள்.

எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்தான். மைக்கைப் பிடித்துப் பாட்டுப் பாடுவாள். பாடிக்கொண்டே, கண்ணாடியில் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் சொல்லி, "உட்காரு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு வங்கி மேலாளரும் போலீஸ்காரரும் இன்றைக்கும் கட்டுப்படுவார்கள். மாட்டுப்பண்ணையில் ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவள். கடைசியாகப் பிறந்ததால் கத்தித்தான் சோறு வாங்க வேண்டியிருந்தது, குரல் அப்படி வந்ததுதான் என்று அவளே சொல்வாள். சந்தோஷம் வந்தாலும் சிரிப்பாள், கோபம் வந்தாலும் சிரிப்பாள். எது எதற்கு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அவள் கணவர் டெல்மர் ஒருவர்தான். அவர் சீஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கண் மங்கிவிட்டதால் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வெர்லாவுக்குப் பக்கத்து சீட்டில் காபியோடு உட்கார்ந்து வருவதுதான் இப்போது அவருடைய முழுநேர வேலை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வெர்லா புதுசாக ஒரு கார் வாங்கினாள். கால்டர் கம்பெனியின் ஃபிஞ்ச். ஃபிஞ்ச் என்றால் குருவி ஜாதியில் ஒன்று. காரும் அப்படித்தான், குட்டியாக இருக்கும். பேருந்து மஞ்சளில்தான் வேண்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து வாங்கினாள். அதே வருஷம் நானும் நீலத்தில் ஒன்று வாங்கினேன். என் பெயர் லோவெல். ஊர் நூலகத்தில் வேலை. ஆகஸ்டில் நடக்கும் சீஸ் திருவிழாவின் ஊர்வலக் குழுவிலும் இருக்கிறேன். நூலகத்தை விடுங்கள், இந்தக் கதைக்கு அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம்.

ஃபிஞ்சில் கியரைக் கையால் மாற்ற வேண்டாம், தானே மாறிக்கொள்ளும். உள்ளே இரண்டு கிளட்ச் உண்டு. ஒன்று விடும்போது மற்றது பிடிக்கும். பிடிக்கும் என்பது கம்பெனியின் எண்ணம். வெயில் நாளில், மெதுவாக ஊர்ந்து போகிறபோது, விடுவது யார் பிடிப்பது யார் என்று இரண்டுக்கும் சண்டை வந்துவிடும். அப்போது கார், குளத்திலிருந்து ஏறி வந்த நாய் உடம்பை உதறுவதுபோல உதறும். டெல்மரிடம் காபிக் கறை இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது.

நாடு முழுக்க ஃபிஞ்ச் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். கடைசியில் கம்பெனி எங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்பியது. கியர்பாக்ஸுக்கு மட்டும் வாரண்டியை நீட்டித்திருக்கிறோம். பத்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல், எது முந்துகிறதோ அதுவரை. ஆனால் ஒரு நிபந்தனை: சர்வீஸ் சென்டரின் ஆள் கூட இருந்து, சோதனைக் கருவியைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கும்போது, குலுக்கல் இருநூற்றைம்பது என்ற எண்ணைத் தாண்ட வேண்டும். தாண்டினால் இலவசமாக மாற்றித் தருவோம். தாண்டாவிட்டால் அது இந்தக் காரின் இயல்பு.

வெர்லாவின் மகளுக்கு மினியாபொலிஸில் இரட்டைக் குழந்தைகள். வாராவாரம் போய் வந்தே மீட்டர் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. கடிதம் வந்த மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே மேசைக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு ஒருவன் எழுந்து நின்றான்.

"ட்ரெவர் லிண்ட்! நீதானா இங்க? மூணாவது சீட்டு, இடது பக்கம். ஜன்னல் ஓரமா சூயிங்கம் ஒட்டுவியே!"

"மிஸஸ் நியூபர்ட், கஸ்டமர்ஸ் இருக்காங்க..."

"இருக்கட்டுமே. அவங்களுக்கும் தெரியணுமில்ல."

ட்ரெவர் கெட்டவன் இல்லை. முப்பத்துநான்கு வயது. கம்பெனி சொன்னதைச் சொல்கிற வேலை அவனுக்கு. பா ஹுவா ஷியோங் என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கருவியைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கச் சொன்னான். பா ஹுவாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு. என்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். கம்பெனி வகுத்த வழி நெடுஞ்சாலையில் ஏழு மைல் போய் ஏழு மைல் திரும்புவது. காலை எட்டு மணி, சில்லென்ற காற்று. ஃபிஞ்ச் பட்டுத்துணி வழுக்குவதுபோல ஓடியது. குறை எதுவும் தென்படவில்லை என்று தாளில் அச்சாகி வந்தது.

இரண்டாம் முறையும் அதே தாள். ஜூலை கடைசியில் மூன்றாம் முறை போனபோதும் அதே தாள். அந்த நாளில் ட்ரெவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"மிஸஸ் நியூபர்ட், தப்பா நினைக்காதீங்க. சில சமயம் வண்டியில ஒண்ணும் இருக்காது. ஓட்டுற விதத்துல..."

பக்கத்தில் நின்ற டெல்மர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாராம். பா ஹுவா கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாளாம்.

வெர்லா சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"ட்ரெவர், கண்ணு. உன்னை ஆறு வருஷம் வாந்தி எடுக்காம பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன். உங்க அம்மா ஓட்டினாலே நீ வாந்தி எடுப்ப. ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்கு, மேடம்."

"மூணு தடவை சோதனைன்னு சொல்லி என் மைலையும் தின்னுட்டீங்க. இப்ப நான் ஓட்டுற விதமா?"

வெளியே வந்தபோது பா ஹுவா பின்னாலேயே வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் உங்களை நம்புறேன், வெர்லா. ஆனா அவங்க சொல்ற ரூட்டுல இது தேவதை மாதிரிதான் ஓடும். இதுக்கு வெயில் வேணும். நெரிசல் வேணும். ஒரு மணி நேரமாவது நின்னு நின்னு ஊர்ந்து போகணும். அப்பத்தான் கிளட்ச் சூடாகி ஆட்டம் போடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா இந்த ஊர்ல நெரிசலுக்கு எங்க போறது? மூணு கார் சேர்ந்து நின்னா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் இரண்டே போக்குவரத்து விளக்குகள். அதிலும் ஒன்று வசந்தகாலத்திலிருந்து எரியவில்லை. வெர்லா காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி மீட்டரைப் பார்த்தாள். 99,963. இன்னும் முப்பத்தேழு மைல். அப்படியே இறங்கி, நடந்தே நூலகத்துக்கு வந்தாள். அவள் வருவதற்கு முன்னால் அவள் சிரிப்பு உள்ளே வந்துவிட்டது. இது சந்தோஷச் சிரிப்பு என்று எனக்கே புரிந்தது.

"லோவெல்! ஊர்வலத்துக்கு ஒரு விண்ணப்பம் குடு."

"நீங்க வருஷா வருஷம் பேருந்துலதானே வருவீங்க?"

"பேருந்தை வேற யாராவது ஓட்டட்டும். இந்த வருஷம் நான் ஃபிஞ்சுல வரேன். நீயும் வர. ஊர்ல எத்தனை ஃபிஞ்ச் இருக்கு?"

ஒன்பது இருந்தன. அவளுடையது, என்னுடையது, பூசணித் தோட்டக்காரர் வெண்டெலுடையது, பாதிரியார் இங்க்ரிட் அம்மாவுடையது, இன்னும் ஐந்து. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தெருவில், எங்கள் ஊரில் நெரிசல் உண்டு. ஆகஸ்ட் மாதம், கொளுத்தும் வெயில், ஒன்றரை மைல் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போகிற ஊர்வலம். விண்ணப்பத்தில் குழுவின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. வெர்லா பேனாவை வாங்கி, "குலுங்கும் குருவிகள்" என்று எழுதினாள். எழுதிவிட்டு அவளே படித்துப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தாள். படிக்கிற இடத்தில் சத்தம் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ட்ரெவரின் சம்மதம் வாங்குவதுதான் சிக்கல். ஊர்வலத்தில் வைத்துச் சோதனை என்றதும் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

"சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் சர்வீஸ் உண்டா இல்லையா?"

"உண்டு."

"ஊர்வலம் பத்து மணிக்கு. பா ஹுவாவுக்கு அது வேலை நேரமா இல்லையா?"

"வேலை நேரம்தான். ஆனா கம்பெனி ஒத்துக்கணுமே, மேடம்."

"கூப்பிடு கம்பெனியை."

கம்பெனியின் உதவி எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஐம்பது நிமிஷம் பியானோ இசை ஓடியது. டெல்மர் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் அம்மா பேசினாள். கேட்டவற்றையெல்லாம் இரண்டு முறை திரும்பக் கேட்டாள்.

"ஊர்வலம்னா, குதிரையெல்லாம் போகுமே, அந்த ஊர்வலமா?"

"அதேதான் செல்லம்" என்றாள் வெர்லா.

தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "பொதுச் சாலையில, எங்க ஊழியர் கூட இருக்கும்போது நடக்கிற சோதனை செல்லும்னுதான் போட்டிருக்கு. குதிரையைப் பத்தி ஒண்ணும் போடலை" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு போட்டோ அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

ஊர்வலத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அதுவரை வெர்லா காரைத் தொடவில்லை. பள்ளி விடுமுறை, பேருந்தும் கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டில் புல்வெட்டும் வண்டி ஒன்று இருந்தது, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. அதன் பின்னால் ஒரு சின்னத் தள்ளுவண்டியைக் கட்டி, அதில் நாற்காலி போட்டு டெல்மரை உட்கார வைத்து, மளிகைக்கடைக்குப் போனாள். தேவாலயத்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆட்டத்துக்குப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு எடுத்துவிட்டு, கோப்பையை டெல்மரின் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"வெர்லா, இது ரோட்டுல ஓட்டுற வண்டி இல்லை."

"நான் ரோட்டுல ஓட்டலையே. ஓரத்துப் புல்லை வெட்டிக்கிட்டே போறேன். ஊருக்கு ஒரு சேவை."

திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே மளிகைக்கடை வரைக்கும் புல் வெட்டியிருந்தது. அவர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

ஊர்வல நாள் வந்தது. விஸ்கான்சினில் ஆகஸ்ட் எப்படி என்று எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் அன்றைய வெயில் தாரை உருக்கியது. வரிசையைத் தீர்மானிப்பது என் பொறுப்பு. முப்பது வருஷ ஊர்வலச் சேவையில் நான் செய்த ஒரே முறைகேட்டை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஊர்வலத்திலேயே மெதுவாகப் போகிறது பால்பண்ணை இளவரசி என்று வருஷா வருஷம் ஊர் தேர்ந்தெடுக்கிற பெண்ணின் வண்டி. பக்கத்துப் பண்ணையின் இரண்டு பெரிய குதிரைகள் அதை இழுக்கும், இரண்டுக்கும் வயதாகிவிட்டது. அதன் பின்னால் வைக்கோல் வண்டியில், போல்கா என்கிற துள்ளாட்டப் பாட்டு வாசிக்கிற வாத்தியக் குழு. அதன் பின்னால் எங்கள் ஒன்பது குருவிகள். முதலில் வெர்லாவின் மஞ்சள் ஃபிஞ்ச், அடுத்து என் நீலம், பிறகு மற்றவர்கள். எங்களுக்குப் பின்னால் டிராக்டர்கள்.

வெர்லாவுக்குப் பக்கத்தில் பா ஹுவா, மடியில் சோதனைக் கருவியோடு. பின்சீட்டில் டெல்மர், மிட்டாய்ப் பையோடு. முன் காரில் நடந்த பேச்சை அவர் பிறகு சொன்னபடிதான் சொல்கிறேன்.

அகார்டியன் என்கிற துருத்திப் பெட்டி முழங்க ஊர்வலம் கிளம்பியது. பத்து நிமிஷத்துக்குள் என் கார் ஆரம்பித்துவிட்டது. பல்லும் பல்லும் அடித்துக்கொண்டன. மூக்குக்கண்ணாடி வாய்க்கு இறங்கி வந்தது. பின்னால் பார்த்தால் வெண்டெலின் தொப்பி அவர் தலையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இங்க்ரிட் அம்மா கையை அசைத்து எல்லாரையும் ஆசீர்வதிக்க முயன்றார். கை ஒரு பக்கம் போனது, ஆசீர்வாதம் ஒரு பக்கம் போனது. எட்டுக் கார்களும் போல்கா தாளத்துக்கு ஆடுவது போலவே இருந்ததால் இருபுறமும் நின்ற ஜனங்கள் கைதட்டினார்கள். அதை நாங்கள் பயிற்சி செய்து ஆடுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

மஞ்சள் ஃபிஞ்ச் மட்டும் ஆடவில்லை. ஏரியில் அன்னம் போவதுபோலப் போனது.

"பதினெட்டு" என்றாள் பா ஹுவா, கருவியைப் பார்த்து. "இருபத்திரண்டு. பதினஞ்சு."

"குலுங்குடி!" என்று வெர்லா ஸ்டீயரிங்கைத் தட்டினாள். "ஏழு வருஷமா குலுங்கினியே, இன்னிக்கு என்ன கேடு உனக்கு? டெல்மர் சட்டையில காபி கொட்டினப்ப இருந்த வேகம் எங்க போச்சு?"

"கெஞ்சிப் பாரு" என்றார் டெல்மர்.

"தங்கமே, ஒரே ஒரு தடவை. அம்மாவுக்காக."

"பதினாறு" என்றாள் பா ஹுவா.

பாதித் தூரம் வந்தாகிவிட்டது. அஞ்சலகம் போனது, பேக்கரி போனது. பா ஹுவா கருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குனிந்து வெர்லாவின் காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"வெர்லா, உங்க கால்தான் காரணம். அது குலுங்கப் போகுதுன்னு உங்க காலுக்கு முன்னாடியே தெரியுது. பிரேக்கை லேசா விட்டு லேசா பிடிக்கிறீங்க. கிளட்ச் செய்ய வேண்டிய வேலையை உங்க கால் செய்யுது. நீங்க ரொம்ப நல்லா ஓட்டுறீங்க. அதுதான் பிரச்சினை."

வெர்லா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நாள் குலுங்கினது?"

"அது நீங்க அசந்த நேரத்துல. இன்னிக்கு ஊரே பார்க்குது, உங்க கால் அசருமா? கொஞ்சம் மோசமா ஓட்டுங்களேன்."

வெர்லா முயற்சி செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தாள். ஆனால் எழுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் ஓட்டிய கால் அது. பொய்க்குக்கூட மோசமாக ஓட்ட அதற்குத் தெரியவில்லை. கருவி முப்பதைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில்தான் அவள் கண்ணில் ட்ரெவர் பட்டான். வங்கி வாசலில், கம்பெனியின் பெயர் போட்ட பலூன்களை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வெர்லா காரை நிறுத்தினாள். ஒன்பது குருவிகளும் நின்றன. பின்னால் டிராக்டர்கள் நின்றன. கதவைத் திறந்து இறங்கி, நடுத்தெருவில் நின்று, பேருந்துக் குரலில் கூப்பிட்டாள்:

"ட்ரெவர் லிண்ட்! ஏறு வண்டியில!"

தெருவின் இருபுறமும் நின்ற நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் ஓடி வந்து காரில் ஏறப் பார்த்தார்கள். ட்ரெவர் மறுபேச்சுப் பேசாமல், பலூன்களை விடக்கூடத் தோன்றாமல், அவற்றோடு ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தான். வெர்லா ஏறவில்லை. காரின் பக்கத்திலேயே நடந்தாள்.

"ஓட்டு. நீ எப்பவும் ஓட்டுற மாதிரி."

அவன் எப்பவும் ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். பிரேக்கை விட்டான், மிதித்தான், விட்டான். பத்தடி போயிருக்கும். மஞ்சள் ஃபிஞ்ச் தலைமுதல் வால்வரை உதறிக்கொண்டது. ஒரு பலூன் வெடித்தது.

"தொண்ணூறு!" என்றாள் பா ஹுவா.

"இன்னும்" என்றாள் வெர்லா.

"நூத்தி நாப்பது! நூத்தியெண்பது!"

எண்ணை முதலில் திருப்பிச் சொன்னது நடைபாதையில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்த பெண். அப்புறம் அவள் பக்கத்திலிருந்தவர்கள். எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் தெரு முழுக்கச் சேர்ந்துகொண்டது. பா ஹுவா ஜன்னல் வழியாக எண்ணைக் கத்த, ஊர் அதைத் திருப்பிக் கத்தியது. இருநூறு! இருநூற்றுப் பதினைந்து! இருநூற்று நாற்பது! இரண்டாவது பலூன் வெடித்தது. டெல்மரின் மிட்டாய்கள் ஜன்னல் வழியாகத் தாமாகவே குதித்தன.

இருநூற்று நாற்பத்தெட்டில் நின்றுபோனது.

முன்னால் இருந்த குதிரைகளில் ஒன்று, இயற்கையின் அழைப்பை ஏற்று, நடுத்தெருவில் நின்றுவிட்டது. வைக்கோல் வண்டி நின்றது. ட்ரெவர் பிரேக்கை அழுத்தினான். வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள். குதிரை நிதானமாக வேலையை முடித்துவிட்டு நகர்ந்தது. ட்ரெவர் காலை எடுத்தான்.

அப்போது அந்தக் கார் போட்ட ஆட்டத்தை நான் விவரிக்க முடியாது. கதவுகள் கடகடத்தன. முன்பக்கம் ஒரு தாளமும் பின்பக்கம் ஒரு தாளமுமாக ஆடியது. மிச்சமிருந்த பலூன்கள் பட்டாசு மாதிரி வெடித்தன.

"நானூத்தி பன்னெண்டு!" பா ஹுவா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கருவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "நானூத்தி பன்னெண்டு!"

தெரு ஓவென்று இரைந்தது. அகார்டியன்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, வேகமான போல்கா ஒன்றை எடுத்துவிட்டார். டெல்மர் இறங்கி வந்தார். கண் சரியாகத் தெரியாத மனிதர், ஆனால் வெர்லாவின் இடுப்பு எங்கே என்று அவருக்குத் தெரியும். இருவரும் குதிரைச் சாணத்தைச் சுற்றி வட்டமிட்டு ஆடினார்கள். இங்க்ரிட் அம்மா காரை விட்டு இறங்கி வெண்டெலோடு ஆடினார். நானும் ஆடினேன், யாரோடு என்று ஞாபகமில்லை, டிராக்டர்காரர்களில் ஒருவராக இருக்கலாம்.

ட்ரெவர் வெளிறிப்போய் இறங்கினான்.

"மிஸஸ் நியூபர்ட், எனக்கு வாந்தி வருது."

"தலையைக் குனிஞ்சு உட்காரு, கண்ணு. மூச்சை இழுத்து விடு. அவ்வளவுதான். நல்ல பிள்ளை."

பதினொன்றே முக்காலுக்கு சர்வீஸ் சென்டரில் இருந்தோம், ஒன்பது கார்களும், எங்களுக்குத் துணையாக வந்த வாத்தியக் குழுவும். மீட்டர் 99,970 காட்டியது. ட்ரெவர் தன் கையாலேயே தட்டச்சு செய்தான்: குறை உறுதி செய்யப்பட்டது. ஓட்டியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டான். பிறகு எழுந்து வந்து வெர்லாவின் எதிரில் நின்றான்.

"நான் சொன்னது தப்பு, மேடம். நீங்க ஓட்டுற விதத்துல ஒரு குறையும் இல்லை. என்னை மன்னிச்சிடுங்க."

வெர்லா அவனைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலை அவன் டையின் நடுவில் இருந்தது.

மற்ற கார்களுக்கும் பா ஹுவா அதே வைத்தியம் பார்த்தாள். வெயில் ஏறிய மதியங்களில், வெண்டெலின் டிராக்டரை முன்னால் விட்டு, அதன் பின்னால் எங்களை ஊர விட்டாள். ஏழு கார்கள் எண்ணைத் தாண்டின. இங்க்ரிட் அம்மாவுடையது மட்டும் ஜூன் மாதமே ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டிருந்தது. கம்பெனி முடியாது என்றுவிட்டது. அவர் இரண்டு கடிதம் எழுதினார், மூன்றாவதை எழுதிக் கிழித்துப் போட்டார், காரை விற்றுவிட்டு சைக்கிள் வாங்கினார். அவருக்கு அது பொருந்தித்தான் இருக்கிறது, ஆனாலும் அது நியாயமில்லை என்று வெர்லா இன்னும் சொல்கிறாள். உதவி எண் அம்மாவை மாதாமாதம் அழைத்துச் சொல்லவும் செய்கிறாள்.

புதுக் கிளட்ச் வர பதினொரு வாரம் ஆனது. அதுவரைக்கும் ஓட்டுவதற்கு சர்வீஸ் சென்டர் கொடுத்தது ஒரு பிரம்மாண்டமான பிக்அப் வண்டி. அதில் ஏற டெல்மர் அவளுக்கு ஒரு பால் பெட்டியைப் படியாக வைத்தார். நவம்பரில், முதல் பனி விழுந்த வெள்ளிக்கிழமை, மஞ்சள் ஃபிஞ்ச் திரும்பி வந்தது. பா ஹுவா சாவியைக் கையில் கொடுத்தாள். வெர்லா அவளையும் விடாமல் ஏற்றிக்கொண்டாள். டெல்மர், நான், பா ஹுவா, அவள். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் எங்கள் பக்கத்தில் மீன் வறுவல்தான் வழக்கம், அதைச் சாப்பிடப் போனோம். போகிற வழியில் மளிகைக்கடையின் காலி மைதானத்தில் காரைத் திருப்பி, நிறுத்தி நிறுத்தி எடுத்து, இடமும் வலமும் எட்டுப் போட்டாள். ஒரு நடுக்கம் இல்லை. பின்சீட்டில் எங்கள் முழங்கால்கள் மோதிக்கொண்டன, அது அவள் வேகமாகத் திருப்பியதால்.

"எப்படிப் போகுது?" என்றாள் பா ஹுவா.

"ஐயோ, சொகுசு" என்றாள் வெர்லா. "என் கால் வேலையில்லாம உட்கார்ந்திருக்கு. அதுக்கு என்ன பண்றதுன்னே தெரியலை."

சொல்லிவிட்டு இன்னொரு எட்டுப் போட்டாள். டெல்மர் போதும் என்றார், மீன் தீர்ந்துபோகும் என்றார். அவள் கேட்கவில்லை. கடைக்காரர் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். திட்டுகிறாரா வாழ்த்துகிறாரா என்று தெரியவில்லை. வெர்லா ஜன்னலை இறக்கி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டாள்.